ஸ்விட்ச்சில் போர்ட் மிரரிங்: அமைப்பது, சோதிப்பது, அகற்றுவது

அலுவலகத்தில் ஓர் ஐபி போன். எதிர்முனைக் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. போனை மாற்றியாயிற்று, கேபிளை மாற்றியாயிற்று. இணைய இணைப்பு கொடுத்தவர் தன் பக்கம் சரி என்கிறார். பிபிஎக்ஸ் (அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்) கொடுத்தவரும் அதையே சொல்கிறார். இந்த இடத்தில் வாதம் பண்ணிப் பயனில்லை. அந்தப் போனுக்கு வரும் பாக்கெட்டுகளையே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். அதற்கான வசதி மேனேஜ்டு (கட்டளை கொடுத்து அமைக்கக்கூடிய) ஸ்விட்ச்சுக்குள்ளேயே இருக்கிறது. பொதுப் பெயர் போர்ட் மிரரிங், போர்ட் மானிட்டரிங் என்றும் சொல்வார்கள், சிஸ்கோவில் ஸ்பான்.

அமைப்பதற்கு இரண்டு கட்டளைகள் போதும். ஆனால் மிரர் தரும் நகலில் எது வரும், எது வராது என்று தெரியாமல் கேப்ச்சரை (பிடித்த பாக்கெட்டுகளின் பதிவை) படித்தால் பழி தவறான இடத்தில் போய் விழும். அதனால் இந்த வழிகாட்டியில் கட்டளைகளைவிட, மிரரைச் சோதிப்பதற்கும் அதன் குறைகளுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது சிஸ்கோ கேட்டலிஸ்ட் 48 போர்ட் ஸ்விட்ச்: போன் இருப்பது 1/0/5-ல், லேப்டாப்பைச் சொருகப்போவது 1/0/40-ல், ரவுட்டருக்குப் போகும் அப்லிங்க் 1/0/49. கட்டளைகளை உச்சரிக்கும் விதத்தில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது வழக்கம்போல் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

மிரர் ஏன் தேவைப்படுகிறது

பழைய ஹப்பில் ஒரு போர்ட்டில் வந்தது எல்லா போர்ட்டுக்கும் போகும். லேப்டாப்பை எங்கே சொருகினாலும் அனைத்தும் தெரியும். ஸ்விட்ச் அப்படியில்லை. எந்த மேக் முகவரி (கருவியின் நெட்வொர்க் கார்டு எண்) எந்த போர்ட்டில் இருக்கிறது என்று அட்டவணை வைத்துக்கொண்டு, உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். அதே ஸ்விட்ச்சில் வேறொரு போர்ட்டில், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து உட்கார்ந்தால் ஏஆர்பி, டிஹெச்சிபி போன்ற பிராட்காஸ்ட்டும், கொஞ்சம் மல்டிகாஸ்ட்டும், இன்னும் அட்டவணையில் ஏறாத முகவரிக்கான பாக்கெட் ஒன்றிரண்டும்தான் கண்ணில் படும். போனின் குரல் அதில் இருக்காது. குறிப்பிட்ட போர்ட்டின் போக்குவரத்தை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்து அனுப்பச் சொல்வதுதான் மிரரிங். எங்கிருந்து நகலெடுக்கிறோமோ அது சோர்ஸ். நகல் போய்ச் சேரும் போர்ட் டெஸ்டினேஷன்.

முதலில் அனுமதி

பூட்டில்லாத (என்கிரிப்ட் செய்யப்படாத) குரல் அழைப்பைப் பிடித்தால், வயர்ஷார்க்கிலேயே அதை ஒலிக்கவிட்டுக் கேட்க முடியும். அதாவது நீங்கள் செய்யப்போவது தொழில்நுட்ப வேலை மட்டுமல்ல, ஒருவரின் உரையாடலைப் பதிவு செய்வதும்கூட. நெட்வொர்க்குக்குப் பொறுப்பானவரிடம் எந்த போர்ட், எவ்வளவு நேரம், எதற்காக என்று மின்னஞ்சலில் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். அந்தப் போனைப் பயன்படுத்துபவரிடமும் சொல்லிவிடுங்கள். இந்தியாவில் 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவு, பொறுப்பாளரின் அனுமதியில்லாமல் நெட்வொர்க்கிலிருந்து தரவை நகலெடுப்பதைத் தெளிவாகவே குறிப்பிடுகிறது. வாய்மொழி ஒப்புதலை நம்ப வேண்டாம்.

எங்கே நின்று பார்ப்பது

கட்டளையை அடிக்கும் முன் பாக்கெட் போகும் பாதையைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். குரல் விஷயத்தில் பலர் பிபிஎக்ஸ் இருக்கும் போர்ட்டை மிரர் செய்துவிட்டு, ‘குரலையே காணோமே’ என்று தேடுவார்கள். மணியடிப்பது, எடுப்பது, வைப்பது போன்ற எஸ்ஐபி செய்திகள் பிபிஎக்ஸ் வழியாகப் போகும். வழக்கமாக 5060 என்ற போர்ட் எண்ணில் (இது மென்பொருள் எண், ஸ்விட்ச்சில் சொருகும் போர்ட் அல்ல). குரலைச் சுமக்கும் ஆர்டிபி பாக்கெட்டுகளோ பல அமைப்புகளில் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு நேரடியாகவே போய்விடும். இரண்டு போனும் ஒரே ஸ்விட்ச்சில் இருந்தால் அப்லிங்க் பக்கமே எட்டிப் பார்க்காது. ஆகவே புகார் சொன்னவரின் போன் போர்ட்டிலிருந்தே தொடங்குவது நல்லது.

அடுத்தது திசை. ஆர்எக்ஸ், டிஎக்ஸ் இரண்டும் ஸ்விட்ச்சின் பார்வையில் சொல்லப்படுபவை. போன் போர்ட்டில் ஆர்எக்ஸ் என்றால் போன் அனுப்பி ஸ்விட்ச்சுக்குள் நுழைவது. டிஎக்ஸ் என்றால் ஸ்விட்ச் போனுக்கு அனுப்புவது. இவர் காதில் எதிர்முனைக் குரல் அறுகிறது என்றால் நமக்கு முக்கியம் டிஎக்ஸ். எதிர்முனையில் இருப்பவருக்கு இவர் குரல் அறுகிறது என்றால் ஆர்எக்ஸ். திசை எதுவும் சொல்லாவிட்டால் கேட்டலிஸ்ட் இரண்டையும் எடுத்துக்கொள்ளும்.

இடம் போதுமா என்ற கணக்கும் உண்டு. ஜி.711 கோடெக்கில் (குரலைத் தரவாக்கும் முறை) 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட், விநாடிக்கு 50 பாக்கெட். ஈதர்நெட் தலைப்பையும் சேர்த்து ஒரு திசைக்குச் சுமார் 87 கிலோபிட். ஒரு போனை மிரர் செய்வது ஸ்விட்ச்சுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 1 ஜிகாபிட் அப்லிங்க்கை இரு திசையிலும் மிரர் செய்தால், உள்ளே 1 வெளியே 1 என்று உச்ச நேரத்தில் 2 ஜிகாபிட் நகல் உருவாகும். டெஸ்டினேஷன் போர்ட் வெளியே தள்ள முடிந்தது 1 ஜிகாபிட். மீதி சத்தமில்லாமல் கீழே விழும். பயனாளர்களின் போக்குவரத்துக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் கேப்ச்சரில் மட்டும் ஓட்டை விழும். அந்த ஓட்டையைப் பார்த்து ‘நெட்வொர்க்கில் பாக்கெட் தொலைகிறது’ என்று அறிக்கை எழுதிவிடக் கூடாது.

டெஸ்டினேஷன் போர்ட்டை எச்சரிக்கையாகத் தேர்ந்தெடுங்கள்

ஒரு போர்ட் டெஸ்டினேஷன் ஆன நொடியிலிருந்து அது சாதாரண போர்ட் இல்லை. அதில் மேக் முகவரி கற்பது நின்றுவிடும், ஸ்பானிங் ட்ரீயில் (நெட்வொர்க்கில் சுழற்சி வராமல் தடுக்கும் முறை) பங்கு இருக்காது, உள்ளே வரும் ஃபிரேம்களை ஸ்விட்ச் ஏற்காது. யாராவது வேலை செய்துகொண்டிருக்கும் போர்ட்டைக் கொடுத்தால் அவர் இணைப்பு அந்தக் கணமே போகும். எண் தவறி அப்லிங்க்கையே டெஸ்டினேஷனாகக் கொடுத்துவிட்டால் மாடி முழுக்க இணைப்பு போகும், ஸ்விட்ச்சுக்குள் தொலைவிலிருந்து நுழைந்த உங்கள் எஸ்எஸ்ஹெச் இணைப்பு உட்பட.

‘ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ்’ அடித்து, காலியாக இருக்கும் போர்ட்டை உறுதி செய்யுங்கள். முடிந்தவரை கன்சோல் கேபிளில் இருந்து செய்யுங்கள். தொலைவிலிருந்துதான் செய்தாக வேண்டும் என்றால், தொடங்கும் முன் இதை அடிக்கலாம்:

ரீலோட் இன் 10

தொடர்பு அறுந்துபோனால், பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் மறுதொடக்கமாகிப் பழைய கான்ஃபிக்கோடு எழுந்துவிடும். எல்லாம் சரியாகப் போனால் ‘ரீலோட் கேன்சல்’ அடித்துவிடுங்கள். இதை மறந்தால் ஸ்விட்ச்சிலிருந்து மின்சாரம் எடுக்கும் போன்களும் ஆக்சஸ் பாயின்ட்டுகளும் சேர்ந்தே அணையும் என்பதால், கேன்சல் செய்யும் வரை கவனம் வேறெங்கும் போகக் கூடாது. இடையில் ‘ரைட் மெமரி’ (கான்ஃபிக்கைச் சேமிக்கும் கட்டளை) கொடுத்தாலும் இந்தக் காப்பு வீண். தவறான கான்ஃபிக்கே திரும்ப எழும்.

கட்டளைகள்

கான்ஃபிகர் டெர்மினல்
நோ மானிட்டர் செஷன் 1
மானிட்டர் செஷன் 1 சோர்ஸ் இன்டர்ஃபேஸ் ஜிகாபிட்ஈதர்நெட் 1/0/5 போத்
மானிட்டர் செஷன் 1 டெஸ்டினேஷன் இன்டர்ஃபேஸ் ஜிகாபிட்ஈதர்நெட் 1/0/40 என்கேப்சுலேஷன் ரெப்ளிகேட்
எண்ட்

இரண்டாவது வரி பழைய செஷன் 1-ஐத் துடைக்கிறது. யாரோ முன்பு வைத்துவிட்டுப் போன சோர்ஸ் அதில் இருந்தால் உங்களுடையதோடு சேர்ந்துகொள்ளும். குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கும். ஆனால் துடைக்கும் முன் ‘ஷோ மானிட்டர்’ பார்த்துவிடுங்கள். நிறுவனத்தின் ஊடுருவல் கண்காணிப்புக் கருவியோ அழைப்புப் பதிவுக் கருவியோ அந்த செஷனை நம்பி ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படியிருந்தால் வேறு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டலிஸ்ட் 3560, 3750 வகைகளில் செஷன் எண் 66 வரை போகும் என்றாலும், ஒரே நேரத்தில் சோர்ஸ் செஷன் இரண்டுதான்.

கடைசியில் உள்ள ‘என்கேப்சுலேஷன் ரெப்ளிகேட்’ பலரும் விட்டுவிடும் சொல். அது இல்லாவிட்டால் நகல் விலேன் டேக் (எந்த உட்பிரிவு நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்ற குறி) இல்லாமல் வரும். ஸ்பானிங் ட்ரீயின் பிபிடியூ, சிடிபி போன்ற ஸ்விட்ச்சின் சொந்தப் பேச்சும் நகலில் இருக்காது. போன் போர்ட்டில் குரல், வாய்ஸ் விலேனின் டேக்கோடும், போனுக்குப் பின்னால் சொருகிய கணினியின் போக்குவரத்து டேக் இல்லாமலும் போகும். பாக்கெட் சரியான விலேனில்தான் வந்ததா என்று பார்க்க டேக் வேண்டும்.

போர்ட்டுக்குப் பதிலாக முழு விலேனையே சோர்ஸாகவும் கொடுக்கலாம். ஒரே செஷனில் போர்ட்டையும் விலேனையும் கலக்க இந்த வகைகள் விடாது. பல விலேன்களைச் சுமக்கும் ட்ரங்க் போர்ட்டில் ஒரு விலேன் மட்டும் போதுமென்றால் ‘மானிட்டர் செஷன் 1 ஃபில்டர் விலேன் 20’ என்று சேர்க்கலாம்.

இப்போது ‘ஷோ மானிட்டர் செஷன் 1’. லோக்கல் செஷன், சோர்ஸ் போர்ட்டில் போத் என்பதற்கு நேரே 1/0/5, டெஸ்டினேஷன் 1/0/40, என்கேப்சுலேஷன் ரெப்ளிகேட், இங்க்ரெஸ் டிசேபிள்டு என்று வர வேண்டும். ‘ஷோ இன்டர்ஃபேஸஸ்’ கொடுத்து 1/0/40-ஐப் பார்த்தால் போர்ட் அப், லைன் புரோட்டோகால் டவுன், அடைப்புக்குள் மானிட்டரிங் என்று காட்டும். டவுன் என்று பார்த்துப் பதற வேண்டாம். டெஸ்டினேஷன் போர்ட் அப்படித்தான் இருக்கும்.

லேப்டாப்பைத் தயார் செய்வது

அந்த போர்ட்டில் லேப்டாப்புக்கு ஐபி முகவரி கிடைக்காது, இணையமும் கிடைக்காது. ஸ்விட்ச்சை நிர்வகிக்க வைஃபையையோ இரண்டாவது நெட்வொர்க் கார்டையோ வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் கேப்ச்சர் கார்டின் பண்புகளில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். விண்டோஸில் பல கார்டு டிரைவர்கள் விலேன் டேக்கைக் கழற்றிவிட்டே வயர்ஷார்க்கிடம் கொடுக்கும். ஸ்விட்ச்சில் ரெப்ளிகேட் போட்டும் டேக் தெரியவில்லை என்றால் சந்தேகம் முதலில் டிரைவர் மேல் போகட்டும். டேக் முக்கியமான வேலைக்கு நான் லினக்ஸைத்தான் பரிந்துரைப்பேன். அங்கே ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ இரண்டையும் ஈத்டூல் கட்டளை கொண்டு அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கார்டும் கெர்னலும் சின்ன டிசிபி பாக்கெட்டுகளை ஒட்டி, கம்பியில் வரவே முடியாத அளவுள்ள பெரிய பாக்கெட்டாகக் காட்டும்.

நீண்ட நேரம் ஓடவிடுவதாக இருந்தால் வயர்ஷார்க்கின் கேப்ச்சர் ஆப்ஷன்ஸில் அவுட்புட் பகுதிக்குப் போய், 100 மெகாபைட்டுக்கு ஒரு கோப்பு, மொத்தம் 20 கோப்பு என்று ரிங் பஃபர் வையுங்கள். 21-வது கோப்பு தொடங்கும்போது மிகப் பழையது அழியும், வட்டு நிரம்பாது. கேப்ச்சர் ஃபில்டர் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: டேக் உள்ள பாக்கெட்டுகளுக்கு வெறும் ‘யுடிபி’ என்ற ஃபில்டர் பொருந்தாது, ‘விலேன் அண்ட் யுடிபி’ என்று கொடுக்க வேண்டும். ஒரு போன் மட்டும்தான் என்றால் ஃபில்டரே போடாமல் எடுப்பது நல்லது. இடம் மலிவு, விட்டுப்போன பாக்கெட் திரும்ப வராது.

மிரரையே சோதியுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் படி இது. கேப்ச்சர் ஓடும்போது, போனுக்குப் பின்னால் உள்ள கணினியிலிருந்து கேட்வேக்கு 100 பிங் அனுப்பச் சொல்லுங்கள். முடிந்ததும் வயர்ஷார்க்கில் ‘ஐசிஎம்பி’ என்று வடிகட்டி வரிகளை எண்ணுங்கள். 100 ரிக்வெஸ்ட், 100 ரிப்ளை, மொத்தம் 200 வர வேண்டும்.

ரிக்வெஸ்ட் மட்டும் 100 என்றால் செஷன் ஆர்எக்ஸ் மட்டும் எடுக்கிறது. ஒன்றுமே இல்லை என்றால் சோர்ஸ் எண் தவறு, அல்லது வயர்ஷார்க் வேறு கார்டில் கேட்டுக்கொண்டிருக்கிறது. 400 என்றால் ஒவ்வொரு பாக்கெட்டும் இரண்டு முறை நகலாகிறது. கணினி ‘100 அனுப்பி 100 வந்தது’ என்று சொல்லும்போது கேப்ச்சரில் 193 வரிதான் இருந்தால், தொலைத்தது மிரர், நெட்வொர்க் அல்ல. இந்த எண்ணிக்கை சரியாகும் வரை மேலே போகவே கூடாது. கூடவே டெஸ்டினேஷன் போர்ட்டின் டோட்டல் அவுட்புட் டிராப்ஸ் எண்ணைக் குறித்துவைத்து, கேப்ச்சர் முடிந்ததும் மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் அந்தக் கேப்ச்சரில் தொலைந்த பாக்கெட்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இரட்டை நகல் அதிகம் வருவது விலேனை இரு திசையிலும் சோர்ஸாக வைக்கும்போது: ஒரே விலேனுக்குள் போகும் பாக்கெட் ஒரு போர்ட்டில் நுழையும்போது ஒரு நகல், இன்னொன்றில் வெளியேறும்போது ஒரு நகல். வயர்ஷார்க் அதை டிசிபி ரீட்ரான்ஸ்மிஷன் என்று கறுப்பில் காட்டிப் பயமுறுத்தும். ஐபி தலைப்பில் ஐடென்டிஃபிகேஷன் எண் இரண்டிலும் ஒன்றாக இருந்து, இடைவெளி சில மைக்ரோ விநாடிகளே என்றால் அது மிரர் செய்த வேலை. விலேன் சோர்ஸை ஆர்எக்ஸ் மட்டும் என்று மாற்றினால் தீரும். ஏற்கெனவே பிடித்த கோப்பை வயர்ஷார்க்கோடு வரும் எடிட்கேப் கருவியால் சுத்தம் செய்யலாம்.

குரலைப் படிப்பது

புகார் வந்த மாதிரியே ஓர் அழைப்பு போடச் சொல்லி, அறுந்த கணத்தின் மணியைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வயர்ஷார்க்கில் டெலிஃபோனி மெனு, அதில் ஆர்டிபி, அதில் ஆர்டிபி ஸ்ட்ரீம்ஸ். திசைக்கு ஒன்றாக இரண்டு ஸ்ட்ரீம் இருக்கும். அழைப்பின் நடுவில் கேப்ச்சர் தொடங்கியிருந்தால் எல்லாம் வெறும் யுடிபியாகத் தெரியலாம்; ஒரு பாக்கெட்டில் வலது கிளிக் செய்து டிகோட் ஆஸ் வழியாக ஆர்டிபி என்று சொல்லுங்கள்.

ஆர்டிபியில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் உண்டு, ஒன்று ஒன்றாக ஏறும். 4211, 4212, அடுத்தது 4215 என்றால் இரண்டு பாக்கெட் இல்லை. 20 மில்லி விநாடி வீதம் 40 மில்லி விநாடிக் குரல் காணோம். எண்கள் வரிசையாக இருந்தும் இடைவெளி மட்டும் 20, 20, 95, 3, 2 என்று துள்ளினால் பாக்கெட் தொலையவில்லை, எங்கோ வரிசையில் காத்திருந்து மொத்தமாக வந்திருக்கிறது. அழைப்பு எஸ்ஆர்டிபியால் பூட்டப்பட்டிருந்தாலும் இந்தச் சோதனை நடக்கும். தலைப்பு திறந்தே இருக்கும், குரல் மட்டும்தான் கேட்காது.

1/0/5-ன் டிஎக்ஸ் நகலில் எல்லா எண்ணும் ஒழுங்காக இருந்தும் குரல் அறுந்தது என்றால், கோளாறு ஸ்விட்ச்சைத் தாண்டி: கேபிள், போன், ஹெட்செட், அல்லது டூப்ளெக்ஸ் பொருந்தாமை (இரு முனைகளும் அனுப்பும், பெறும் முறையில் ஒத்துப்போகாமை). நகலிலேயே எண்கள் விட்டுப்போயிருந்தால் சோர்ஸை அப்லிங்க்கின் ஆர்எக்ஸுக்கு மாற்றி மறுபடி எடுங்கள். அங்கேயும் விட்டுப்போயிருந்தால் தொலைந்தது ஸ்விட்ச்சுக்கு வரும் முன்னரே. ரவுட்டரும் இணைய இணைப்பும் பதில் சொல்ல வேண்டும். அப்லிங்க்கில் முழுதாக நுழைந்து 1/0/5-ல் குறைந்து வெளியேறினால் தொலைத்தது இந்த ஸ்விட்ச். அப்போது க்யூஓஎஸ் (எந்தப் பாக்கெட்டுக்கு முன்னுரிமை என்ற) அமைப்பையும், குரல் பாக்கெட்டில் டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டு செஷன், இரண்டு லேப்டாப் கிடைத்தால் ஒரே அழைப்பை இரு இடத்திலும் ஒரே நேரத்தில் பிடிக்கலாம். அதற்கு மேல் யாரும் தர்க்கம் பேச முடியாது.

நகலில் வராதவை

சிஆர்சி பிழையோடு (வழியில் சிதைந்து) வரும் ஃபிரேமை ஸ்விட்ச் வாசலிலேயே வீசிவிடும். அது மிரருக்கு வராது. ஆகவே கேபிள் கோளாறை மிரரில் தேடாதீர்கள். ‘ஷோ இன்டர்ஃபேஸஸ் கவுன்டர்ஸ் எரர்ஸ்’ அதற்கான இடம்.

ஆர்எக்ஸ் நகல் எடுக்கப்படுவது ஏசிஎல் (அனுமதி, தடை விதிகளின் பட்டியல்) போன்ற சோதனைகளுக்கு முன்னால். நகலில் பார்த்த பாக்கெட் ஸ்விட்ச்சைக் கடந்து போனது என்று அதனால் சொல்லிவிட முடியாது. நுழைந்தது என்று மட்டும் சொல்லலாம். டிஎக்ஸ் நகல், நெரிசலில் விழுந்த பாக்கெட்டைக் காட்டாது. நேரக் குறியும் தோராயம்தான்: நகலும் ஒரு போர்ட்டின் வரிசையில் நின்றுதான் வெளியே வருகிறது. மில்லி விநாடிக் கணக்குக்கு நம்பலாம். மைக்ரோ விநாடிக் கணக்குக்கு வேண்டாம். அந்தத் துல்லியம் தேவைப்பட்டால் கேபிளின் நடுவில் டேப் கருவி வைக்க வேண்டும்.

லேப்டாப் வேறு மாடியில் இருந்தால்

இரண்டு ஸ்விட்ச்சிலும், இடையில் உள்ளவற்றிலும் இதற்கென்றே ஒரு விலேன் உருவாக்கி, அதற்குள் ‘ரிமோட்-ஸ்பான்’ என்று குறியுங்கள். 900 என்று வைத்துக்கொள்வோம். போன் உள்ள ஸ்விட்ச்சில் டெஸ்டினேஷன் வரி ‘டெஸ்டினேஷன் ரிமோட் விலேன் 900’ என்று முடியும். லேப்டாப் உள்ள ஸ்விட்ச்சில் ‘சோர்ஸ் ரிமோட் விலேன் 900’ என்றும், வழக்கமான டெஸ்டினேஷன் போர்ட்டும். இடையிலுள்ள ட்ரங்க்குகளில் 900-க்கு அனுமதி வேண்டும். நகல் முழுதும் அந்த ட்ரங்க்கில் ஓடும் என்பதால் அப்லிங்க்கை இந்த முறையில் (இதன் பெயர் ஆர்ஸ்பான்) மிரர் செய்ய வேண்டாம்.

வேறு ஸ்விட்ச்சுகள்

டிபி-லிங்க், நெட்கியர் சிறு ஸ்விட்ச்சுகளில் வெப் பக்கத்தில் மிரரிங் என்ற பகுதி இருக்கும். டிபி-லிங்க்கில் மிரர்டு என்பது சோர்ஸ், மிரரிங் என்பது டெஸ்டினேஷன்; சொல் மாறினால் தலைகீழாகிவிடும். மைக்ரோடிக்கில் ஸ்விட்ச் மெனுவில் மிரர்-சோர்ஸ், மிரர்-டார்கெட். ஜூனிப்பரில் பெயர் அனலைசர். சிஸ்கோ நெக்ஸஸில் டெஸ்டினேஷன் போர்ட்டில் ‘ஸ்விட்ச்போர்ட் மானிட்டர்’ வேண்டும், செஷனுக்குள் ‘நோ ஷட்’டும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் சரியாக எழுதியும் ஒரு பாக்கெட்கூட வராது.

அகற்றுவது

வேலை முடிந்த அன்றே எடுத்துவிடுங்கள். விட்டுவைத்த செஷன், அந்த போர்ட்டில் சொருகும் எவருக்கும் இன்னொருவரின் அழைப்பைத் திறந்து கொடுக்கும். ஆறு மாதம் கழித்து புது ஊழியரின் கணினியை 1/0/40-ல் சொருகிவிட்டு ஏன் இணைப்பு வரவில்லை என்று தேடவும் நேரும்.

கான்ஃபிகர் டெர்மினல்
நோ மானிட்டர் செஷன் 1
எண்ட்

கேப்ச்சர் கோப்புகளில் ஆதாரத்துக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் பொறுப்பாளர் சொன்ன இடத்துக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பில் உள்ளதை அழித்துவிடுங்கள். 1/0/40 முன்பு ஷட்டவுனில் இருந்திருந்தால் மறுபடி ஷட்டவுன் செய்யுங்கள். ‘ஷோ ரன்னிங்-கான்ஃபிக்’கை மானிட்டர் என்ற சொல்லால் வடிகட்டிப் பார்த்து, செஷன் வரி எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகு ‘ரைட் மெமரி’ கொடுங்கள்.